மைக் முதலில் பின்வரிசைக்குப் போகட்டும்

அன்புள்ள தம்பி,

இந்த செமஸ்டரில் துறையின் வாராந்திர செமினாரை நீதான் நடத்தப்போகிறாய் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். யார் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டிருந்தாய். அதை அப்புறம் பார்ப்போம். யார் வந்தாலும் சரி, கேள்வி நேரத்தின் முதல் பத்து நிமிடத்தை ரிசர்ச் ஸ்காலர்களுக்கே, அதாவது பிஎச்.டி. மாணவர்களுக்கே, கொடுத்துவிடு.

நம் செமினார் ஹால்களில் வரவேற்புரை, அறிமுகம், பொன்னாடை எல்லாம் முடியவே நேரமாகிவிடுகிறது. பேச்சு முடிந்ததும் மைக் நேராக முன்வரிசைக்குப் போகிறது. அங்கே இரண்டு பேராசிரியர்கள் பேசி முடிப்பதற்குள் நன்றியுரைக்கு ஆள் மேடை ஏறிவிடுகிறார். பின்வரிசையில் முதலாண்டு மாணவி நோட்டின் ஓரத்தில் எழுதி, அடித்து, திருத்தி வைத்த கேள்வி நோட்டிலேயே நின்றுவிடுகிறது. அவளுக்காகத்தானே இந்த ஏற்பாடெல்லாம்?

சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனமே ஒரு வீட்டு செமினாரிலிருந்து வளர்ந்ததுதான். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பார்த்த செமினார்களின் உற்சாகத்தோடு சென்னை திரும்பி, மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் பேசவைத்தார். 1960-ல் சென்னை வந்த டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்த மாணவர்களைச் சந்தித்தார். அவர்களைப் பற்றி அவர் பாராட்டிச் சொன்னது நேருவின் காதுவரை எட்டியது. 1962 ஜனவரி 3 அன்று நிறுவனத்தை வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் தொடங்கிவைத்தார். நீல்ஸ் போர் சென்னை வந்தபோது அந்த மாணவர்களுக்கென்று ஒரு கட்டடம்கூடக் கிடையாது. வாய் திறந்து பேசும் மாணவர்கள் இருந்தார்கள்.

செமினாரில் வேலைவாய்ப்பு பற்றி ஒரு பேச்சு வைத்தால், அதற்கு மட்டும் பெரிய பதவியில் இருப்பவர்களைத் தேடாதே. மூன்று நான்கு வருடம் முன்பு பிஎச்.டி. முடித்தவர்களைக் கூப்பிடு: கல்லூரியில் சேர்ந்த ஒருவர், கம்பெனிக்குப் போன ஒருவர், போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முடித்துத் திரும்பிய ஒருவர். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆனது, அதுவரை வீட்டுச் செலவை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேள். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) ஆய்வு மாணவர்களுக்குத் தரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை ஐந்து ஆண்டோடு முடிந்துவிடும். ஆய்வேடு அதற்குள் முடிந்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த இடைவெளியை நேரில் கடந்தவர்கள் சொல்வது போல வேறு யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. அந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் கைடுகள் (ஆய்வு வழிகாட்டிகள்) வராமல் இருக்க முடியுமா என்று துறைத் தலைவரிடம் பணிவாகக் கேட்டுப் பார். கைடு உட்கார்ந்திருக்கும் அறையில், "எனக்கு வாத்தியார் வேலையில் விருப்பமில்லை, கம்பெனிக்குப் போகலாமா?" என்று எந்த ஸ்காலரும் கேட்கமாட்டார்.

முதல் வாரம் கை உயரத் தயங்கும். சீனியர்கள் இரண்டு பேரிடம் பேச்சின் சுருக்கத்தை முன்கூட்டியே கொடுத்துப் படித்துவிட்டு வரச் சொல். அவர்கள் ஆரம்பித்தால் மற்றவர்களும் கேட்பார்கள். பேச்சாளருக்கு அனுப்பும் மெயிலிலேயே எழுதிவிடு: நாற்பது நிமிடம் பேச்சு, இருபது நிமிடம் கேள்வி, அதில் முதல் பத்து மாணவர்களுக்கு.

அன்புடன்,
அண்ணன்