மண்டலத்துக்கு ஒரு டென்னிஸ் சுவர் கட்டித் தாருங்கள்

திருநெல்வேலி மாநகராட்சி மாமன்றத்துக்கும் பொறியியல் பிரிவினருக்கும் வணக்கம்.

டென்னிஸுக்குத் துணை ஆள் வேண்டும் என்பதாலேயே நம் ஊரில் பலர் மட்டையைத் தொடுவதில்லை. வேலைக்குப் போகிறவருக்குக் காலையில் அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த நேரத்துக்கு இன்னொருவரை எங்கே தேட? நல்ல சுவர் ஒன்று இருந்தால், அதில் பந்தை அடித்து, திரும்பி வருவதை மறுபடி அடித்துத் தனியாகவே ஆடலாம். தச்சநல்லூர், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என நான்கு மண்டலத்திலும் தலா ஒரு பூங்காவில் ஒரு பயிற்சிச் சுவர் கேட்கிறோம். இருக்கிற காம்பவுண்டுச் சுவரில் கோடு போட்டுக் கொடுத்தால் போதாது.

அகலம் 30 அடி, உயரம் 10 அடி. இரண்டு பேர் பக்கம் பக்கமாக நின்று அடிக்கலாம். அதற்கு மேல் 6 அடிக்குக் கம்பிவலை. இல்லாவிட்டால் பாதி நேரம் பந்து பொறுக்குவதிலேயே போய்விடும். சுவர் இடத்தின் வடக்கு ஓரத்தில், தெற்கே பார்த்து நிற்கட்டும். ஆடுபவர் வடக்கே பார்ப்பதால் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் நேரே கண்ணில் அடிக்காது. ஆனி, ஆடி மேல்காற்றும் சுவரின் நீளவாக்கில் ஓடிவிடும். ஆனாலும் தனித்து நிற்கிற சுவர். 10 அடிக்கு ஒரு கான்கிரீட் தூண் கட்டாயம். பின்னாலேயே வீடுகள் இருக்கிற இடம் வேண்டாம், பந்து மோதும் சத்தம் விடியற்காலையில் தூரம் கேட்கும்.

தரைக்குப் பேவர் பிளாக் போட்டுவிடாதீர்கள். இணைப்பில் விழுந்த பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, காலும் பிசகும். சுவரிலிருந்து 40 அடிக்கு மேடு பள்ளமில்லாத கான்கிரீட் தளம் வேண்டும். மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்காமல் வெளியே ஓட, அந்த 40 அடிக்கு 5 அங்குலம் வாட்டம் போதும்.

சுண்ணாம்பு அடிக்காதீர்கள், பந்தின் ரோமத்தில் ஒட்டும், வெயிலில் கண் கூசும். கரும்பச்சை வெளிச்சுவர் பெயிண்ட் சரி. டென்னிஸ் கோர்ட்டில் வலையின் உயரம் நடுவில் 3 அடி, கம்பத்தருகே 3½ அடி என்பதால் 3 அடியில் 2 அங்குல வெள்ளைக்கோடு ஒன்று போடுங்கள். விளக்குகளை இரண்டு பக்கமும் வையுங்கள். ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் அவர் நிழல் அவர் அடிக்கும் இடத்திலேயே விழும்.

பக்கத்தில், எப்படி ஆடுவது என்று சொல்லும் ஒரு பலகையும் வையுங்கள். புதிதாக வருகிறவர் செய்யும் பெரிய தவறு, 20 அடியில் நின்று புதுப் பந்தை ஓங்கி அடிப்பது. அங்கே பந்து போய்த் திரும்ப 40 அடிதான். கோர்ட்டில் ஒரு பக்கத்துக் கடைசிக் கோட்டிலிருந்து மறுபக்கத்துக் கடைசிக் கோடு 78 அடி. நாம் அடித்த பந்து எதிராளியிடம் போய்த் திரும்பிவர 150 அடிக்கு மேல் ஆகும். அதனால் சுவரடியில் மட்டையைப் பின்னால் இழுக்க நேரமே இருக்காது. மணிக்கட்டால் வெட்டுவார்கள், சில வாரத்தில் முழங்கை வெளிப்பக்கம் வலிக்கும். காற்று இறங்கிய பழைய பந்தை எடுத்து, 25 அடியில் நின்று, கோட்டுக்கு மேல் இரண்டு மூன்று அடியில் படும்படி பாதி வேகத்தில் அடிக்கட்டும். பந்து இரண்டு முறை குத்தினாலும் பரவாயில்லை. பந்து சுவரில் படும் நொடியில் இரு காலாலும் சின்னதாக ஒரு துள்ளல். அதுதான் அடுத்த பந்துக்கு உடம்பைத் தயார் செய்யும். முதல் வாரம் 15 நிமிடம் போதும். ஓட்டத்துக்கான, அடிப்பாகம் உயர்ந்த ஷூ வேண்டாம், பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் மடங்கும்.

கடைசியாகப் பூச்சு. நம் ஊர் வெயிலில் ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு நனைக்காவிட்டால் வெடிப்பு விடும், பந்து பட்டுப் பட்டு உதிரும். ஒப்பந்தக்காரர் பில்லைப் பாஸ் பண்ணும் முன் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். பிறகு சுவர் முழுக்க விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள்; பொள்ளலாகக் கேட்கிற இடத்தைக் கொத்தி எடுத்து மறுபடி பூசச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கு எங்களைக் கூப்பிட்டால் மட்டையும் பந்தும் எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை டென்னிஸ் ஆட்டக்காரர்கள் சிலர்