விலாங்குக் குஞ்சைப் புது மீன் ஆக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில், கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும் ஒன்றின் படத்தைப் போட்டு, ‘ஆழ்கடலில் புதுவகை மீன்’ என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை. அது புதுவகை இல்லை, தனி மீனும் இல்லை. விலாங்கின் இளம்பருவம். அந்தப் பருவத்துக்கு உள்ள லெப்டோசெபலஸ் என்ற பெயர் உங்களுக்குத் தெரியாததா?

1856-இல் கௌப் என்ற ஜெர்மானியரும் இதைத் தனி இனம் என்று நினைத்துத்தான் பெயர் வைத்தார். அவருக்கு அன்று தெரிய வழியில்லை. இத்தாலியில் கிராசியும் கலாண்ட்ருச்சோவும் மெசினா கடலில் கிடைத்ததைத் தொட்டியில் வைத்து வளர்த்து, அது விலாங்காக மாறுவதைக் கண்ணால் பார்த்து 1896-இல் எழுதினார்கள். அப்புறம் டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட், 1904-இல் தொடங்கி, குஞ்சு சின்னதாக இருந்தால் பிறந்த இடம் பக்கம் என்பதால், இன்னும் சின்னது எங்கே கிடைக்கும் என்று அட்லாண்டிக்கில் வலை இழுத்துக்கொண்டே போய், ஐரோப்பிய விலாங்கு பிறக்கும் இடம் சர்காசோ கடல் என்று 1922-இல் சொன்னார். அத்தனை பேர் பாடுபட்டுத் திருத்தியதை ஒரு வரியில் பழையபடி ஆக்கிவிட்டீர்களே!

நான் 31 வருடம் விலங்கியல் நடத்தியவள். ஒருநாள் விடியற்காலை, கரைவலையில் வந்த நெத்திலிக்கு நடுவே விரல் நீளத்தில் ஒன்று கிடந்தது. உள்ளங்கையில் எடுத்து வைத்தால் கைரேகை அதற்குள்ளே தெரிகிறது. மூங்கில் இலை மாதிரி தட்டை. கண் இரண்டும் கசகசா அளவுக் கறுப்புப் புள்ளி. ரத்தம் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது, ஏனென்றால் இந்தப் பருவத்தில் சிவப்பணுவே கிடையாது. “சவ்வு டீச்சர், தூக்கிப் போடுங்க” என்றார் வலைக்காரர். இது உருமாறும்போது நீளம் குறைந்து, உருண்டு, பாம்பு போல ஆகும் என்று சொன்னேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பார்மலினில் போட்டதும் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஓய்வு பெறும்வரை அந்த ஜாடியைக் காட்டித்தான் பாடம் நடத்தினேன்.

போன வருடம் மின்விலாங்கை விலாங்கு இனம் என்றீர்கள். அது விலாங்கே இல்லை. அதற்கு முன்பு, கடல் விலாங்கு வகையான அஞ்சாலையைக் கடற்பாம்பு என்றீர்கள். அஞ்சாலைக்கும் இதே கண்ணாடிப் பருவம் உண்டு. இரண்டு முறையும் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் இதழ் என்பதால்தான் மூன்றாவது முறையும் எழுதுகிறேன். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்பதைத் தவிர விலாங்கைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? நம் ஆற்று விலாங்கும் கடலுக்குப் போய்த்தான் முட்டையிடுகிறது என்று எந்த இதழ் அவர்களுக்குச் சொன்னது?

அடுத்த இதழில், அதே பக்கத்தில், ‘படத்தில் இருந்தது விலாங்கின் இளம்பருவம்’ என்று ஒரு வரி போடுங்கள், போதும். என் பேத்தி அந்தப் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டி, கீழே இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்