பர்ன்அவுட் மறுபடி வருமா? எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கும் கிரைட்டீரியனுக்கும் ஒரு திறந்த மடல்

வீடியோ கேம்களை வெளியிடும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிர்வாகத்தினருக்கும், இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் இருக்கும் அதன் கிரைட்டீரியன் ஸ்டூடியோ குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் கார் பந்தய ஆட்டத் தொடரான பர்ன்அவுட்டில் முதல் ஆட்டம் வந்தது 2001 நவம்பரில். தொடரின் கடைசிப் பெரிய ஆட்டமான பர்ன்அவுட் பாரடைஸ் 2008 ஜனவரியில் வந்தது. அதற்கப்புறம் நீங்கள் தந்ததெல்லாம், மேலிருந்து பார்த்து விளையாடும் ஒரு சின்ன ஆட்டம் 2011-இல், பாரடைஸின் மெருகேற்றிய பதிப்பு 2018-இல், அதே பதிப்பு நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு 2020-இல். புது பர்ன்அவுட் என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் நாங்கள் விடவில்லை, காத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சும்மா காத்திருக்கவும் முடியவில்லை. நீங்கள் ஆள் எடுக்க விளம்பரம் கொடுத்தால், அதில் கார் சம்பந்தமாக ஒரு வார்த்தை கண்ணில் படுகிறதா என்று தேடுகிறோம். கேம் அறிவிப்பு நிகழ்ச்சிகளை இரவு கண்விழித்துப் பார்க்கிறோம். எங்கேயாவது டயர் கிறீச்சிடும் சத்தத்தோடு ஒரு ட்ரெய்லர் தொடங்கினால் நிமிர்ந்து உட்காருகிறோம்; கடைசியில் அது வேறு யாருடைய ஆட்டமாகவோ இருக்கும். 2018-இல் ரீமாஸ்டர் வந்தபோது, "ஆழம் பார்க்கிறார்கள், இது விற்றால் அடுத்தது நிச்சயம்" என்று பேசிக்கொண்டோம். 2022 டிசம்பரில் கிரைட்டீரியன் நீட் ஃபார் ஸ்பீட் அன்பவுண்ட் என்ற இன்னொரு கார் ஆட்டத்தை முடித்ததும், "சரி, இனி கை காலியாகும்" என்றோம். 2023-இல் ஸ்டூடியோவின் பெரும்பகுதியை பேட்டில்ஃபீல்டு என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத் தொடரின் வேலைக்கு மாற்றினீர்கள். 2025 அக்டோபரில் பேட்டில்ஃபீல்டு 6 வெளிவந்ததும் பழைய கணக்கு மறுபடி தொடங்கியது. 2026 நவம்பரில் முதல் ஆட்டத்துக்கு 25 வயது என்பது அந்தக் கணக்குக்கு இன்னும் தெம்பு.

நடுவில் 2025 செப்டம்பரில், சவூதியின் பொது முதலீட்டு நிதியும் மற்ற இரு முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து 5,500 கோடி டாலருக்கு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதை வைத்தும் எங்களுக்குள் இரண்டு கட்சி. புது முதலாளிகள் தூசி படிந்து கிடக்கும் பழைய பெயர்களை எல்லாம் எடுத்து ஓட்டுவார்கள் என்பது ஒன்று. கால்பந்து, துப்பாக்கி தவிர எதற்கும் காசு ஒதுக்க மாட்டார்கள் என்பது இன்னொன்று. எது நடக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். தேதி வேண்டாம், ட்ரெய்லர் வேண்டாம். "செய்கிறோம்" அல்லது "இப்போதைக்கு இல்லை" என்று ஒரு வரி போதும். "இல்லை" என்ற பதிலைத் தாங்கிக்கொள்ளும் வயது எங்களுக்கு எப்போதோ வந்துவிட்டது.

ஒருவேளை செய்கிறீர்கள் என்றால், அல்லது செய்யலாமா என்று ஒரு அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இனி வருவதை அந்த அறையில் யாராவது படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பர்ன்அவுட்டின் உயிர் மோதலில் இருக்கிறது. மற்ற கார் ஆட்டங்களில் மோதினால் அது தண்டனை. வேகம் போகும், இடம் போகும், எரிச்சல் வரும். பர்ன்அவுட் 3-இல் நீங்கள் அதையே விளையாட்டின் ஒரு பகுதியாக்கினீர்கள். 2004-இல் அதை முதன்முதலாக விளையாடிய யாரைக் கேட்டாலும் அந்தத் தருணத்தைச் சொல்வார்கள். எதிர்த் திசையில் பறந்துகொண்டிருக்கிறீர்கள், வேகத்தைக் கூட்டும் பூஸ்ட் ஏறிக்கொண்டே இருக்கிறது, வளைவில் ஒரு பேருந்து. அவ்வளவுதான், கார் அப்பளமாகிவிட்டது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்தால் நேரம் மெதுவாகிறது. நசுங்கிய கார் காற்றில் சுழன்றுகொண்டிருக்கும்போதே அதை இடமோ வலமோ தள்ள முடிகிறது. பின்னால் வரும் எதிரியின் பாதையில் அந்தத் தகரக் குவியலைக் கொண்டுபோய்ப் போட்டால், அவனும் காலி. இழந்த பூஸ்டும் திரும்பக் கிடைக்கும். தோற்றுப்போன இரண்டு நொடியிலும் கைக்கு வேலை இருந்தது. அதனால்தான் அந்த ஆட்டத்தில் கோபித்துக்கொண்டு கண்ட்ரோலரைத் தூக்கிப் போடத் தோன்றவே இல்லை.

பூஸ்ட் கணக்கும் அப்படித்தான். ஒழுங்காக ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது. எதிர் லேனில் போனால், வண்டிகளை மயிரிழையில் தாண்டினால், சறுக்கித் திரும்பினால் ஏறும். ஓர் எதிரியை சுவரில் அழுத்தி வீழ்த்தினால் பூஸ்ட் பட்டையே நீளும், நான்கு மடங்கு வரை. மோதினால் ஒரு மடங்கு குறையும். இவ்வளவு எளிய ஒரு விதி, ஆளை எப்போதும் ஆபத்தின் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தது. வண்டியை மேம்படுத்த உதிரி பாகக் கடை கிடையாது, பேசிப் பேசி அறுக்கும் கதை கிடையாது. புது ஆட்டத்தில் மட்டும் எதற்கு?

அப்புறம், அந்தக் கார்களுக்குள் யாருமே இல்லை. இதை நான் மிகவும் மதிக்கிறேன். நசுங்குவது இரும்பும் கண்ணாடியும்தான். பாரடைஸில் பைக்குகளைக் கொண்டுவந்தபோதுகூட, விழும்போது ஓட்டுபவரின் உடம்பு ரோட்டில் உருளுவதை நீங்கள் காட்டவில்லை. எங்கள் ஊர் நெடுஞ்சாலைகளில் நிஜ விபத்தைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இன்றைக்கு இருக்கும் கிராஃபிக்ஸில் எதையும் காட்டலாம் என்பதற்காக இதை மாற்றிவிடாதீர்கள். அதேபோல நிஜ பிராண்டு கார்களையும் தேட வேண்டாம். உரிமம் வாங்கிய கார் என்றால், அதன் தயாரிப்பாளர் தன் வண்டி கூழாவதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். உங்கள் கற்பனைக் கார்கள்தான் உங்களுக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தன. கதவு பறக்கும், பானெட் சுருளும், சக்கரம் தனியாக ஓடும். பெயர் தெரியாத அந்தக் கார்கள் மீது எங்களுக்கு இருக்கும் பாசம், ஷோரூமில் பார்க்கும் காரின் மீது வராது.

இப்போது க்ராஷ் மோடுக்கு வருகிறேன்; ஒரு சந்திப்பில் மோதி, எவ்வளவு சேதம் செய்கிறோமோ அவ்வளவு தொகை சேர்க்கும் ஆட்ட வகை அது. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே பெரும்பாலும் இதற்காகத்தான்.

பர்ன்அவுட் 2-இல் தொடங்கி, 3-இல் நூறு சந்திப்புகளாக அதை வளர்த்தீர்கள். சாலை ஒன்று, சிக்னல் ஒன்று, ஒரு சரிவு. வண்டிகள் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில், அதே நேரத்தில் வரும். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு கார், ஒரே ஒரு பாய்ச்சல். முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு நடுவில் போய் விழுவோம், வெண்கலப் பதக்கம்கூட வராது. இரண்டாவது முறை, அந்த எண்ணெய் லாரி சிக்னலைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கவனிப்போம். அதன் பின்பக்கத்தைத் தட்டினால் அது குறுக்கே சாய்ந்து மூன்று லேனையும் அடைக்கும், பின்னால் வருகிற பேருந்து தானாக வந்து சேரும். அதற்குள் நம் கார் உருண்டு போய் நான்கு மடங்கு அடையாளத்தைத் தொட வேண்டும். ஆனால் அதன் பக்கத்திலேயே, மொத்தத் தொகையைப் பாதியாக்கிவிடும் உடைந்த இதயம் ஒன்றை வைத்திருப்பீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கார் அகலம்தான் இடைவெளி. அதை யார் அளந்து வைத்தார்களோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். வெறும் இடிபாடு என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். விளையாடியவர்களுக்கு அது கேரம் போர்டில் ஒரே அடியில் மூன்று காய்களை விழ வைப்பது மாதிரியான கணக்கு.

பாரடைஸில் இதை எடுத்துவிட்டு ஷோடைம் என்று வைத்தீர்கள். எந்தச் சாலையில் வேண்டுமானாலும் தொடங்கலாம், கார் பந்து மாதிரி குதித்துக்கொண்டே போகும். கொஞ்ச நேரம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதில் திட்டம் போட ஒன்றுமில்லை. குதிக்கும்வரை குதித்தோம், முடிந்ததும் மறந்துவிட்டோம். பர்ன்அவுட் 3-இன் சந்திப்புகள் சில எனக்கு இன்றும் ஒவ்வொரு வண்டியாக நினைவில் இருக்கின்றன.

க்ராஷ் மோடுக்கு இன்னும் பசி இருக்கிறது என்பதற்குச் சான்று உங்கள் பழைய ஆட்களே. அலெக்ஸ் வார்டும் ஃபியோனா ஸ்பெர்ரியும் 2014-இல் வெளியேறி த்ரீ ஃபீல்ட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2017-இல் டேஞ்சர் சோன் என்று முழுக்க முழுக்க க்ராஷ் மோடையே ஓர் ஆட்டமாக்கினார்கள். 2019-இல் டேஞ்சரஸ் டிரைவிங், 2025-இல் ரெக்ரியேஷன். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததை நாங்கள் வாங்கி விளையாடினோம். ஆசை நிறைய இருந்தது, ஆனால் பெரிய ஸ்டூடியோவால் மட்டுமே முடிகிற மெருகு அவற்றில் இல்லை. அந்தப் பெயரும் வசதியும் உங்களிடம் பூட்டிக் கிடக்கின்றன.

அடுத்த ஆட்டம் நகரம் முழுக்க இஷ்டப்படி ஓட்டும் திறந்த உலகமா, தனித்தனித் தடங்களா என்பதுதான் ரசிகர்களுக்குள் பெரிய சண்டை. பாரடைஸின் திறந்த நகரமான பாரடைஸ் சிட்டியை நேசிக்கிறவர்கள் நிறைய, அவர்கள் காரணமும் நியாயமானது. எந்த சிக்னலில் நின்று டயரைச் சுழற்றினாலும் ஒரு போட்டி தொடங்கும், மெனு என்ற ஒன்றே தேவைப்படாது. 2008-இல் அது பெரிய துணிச்சல். ஆனாலும் நான் தடங்களின் பக்கம்தான். திறந்த நகரத்தில் ரேஸ் ஓடும்போது திரையின் மேலே தெருப் பெயர் மின்னும், இண்டிகேட்டர் துடிக்கும், மூலையில் வரைபடம் இருக்கும். இவ்வளவு வேகத்தில் இவற்றில் ஏதோ ஒன்றின் மேல் கண் போனால் எதிரே வரும் வேன் தெரியாது. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் ரேஸே போச்சு. போட்டிகள் எல்லாம் சுற்றிச் சுற்றி எட்டே இடங்களில் முடிந்தன. தோற்றால் மறுபடி தொடங்க ஆரம்பத்தில் வழியே இல்லை, பின்னால் வந்த அப்டேட்டில்தான் கொடுத்தீர்கள். பழைய தடங்களில் பாதையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வளைவும் போக்குவரத்தும் மட்டும்தான் நம் பாடு. அந்தக் குறுகலில்தான் அந்த வேகம் உடம்பில் ஏறியது.

நகரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், நகரத்துக்குள்ளேயே அடைத்த தடங்களையும் கையால் வரைந்த க்ராஷ் சந்திப்புகளையும் வையுங்கள். அவ்வளவு விட்டுக்கொடுப்பேன்.

ஒரே திரையில் இரண்டு பேர் விளையாடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரடைஸில் திரையைப் பிரித்து விளையாட வழி இல்லை, பர்ன்அவுட் 3-இல் இருந்தது. எங்கள் பக்கம் பிளேஸ்டேஷன் 2 வைத்திருந்த கடைகளில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, பிளாஸ்டிக் ஸ்டூலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு, "டேய், லெஃப்ட்ல தட்டுடா" என்று கத்துவார்கள். பக்கத்தில் இருப்பவனின் காரைத் தூணில் சொருகிவிட்டு அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் சுகத்தை எந்த ஆன்லைன் லாபியும் தந்ததில்லை. இன்று எங்களில் பலருக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள். சோபாவில் இரண்டாவது கண்ட்ரோலருக்கு ஆள் தயார்.

ஆன்லைன் வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அசல் பாரடைஸின் சர்வர்களை 2019 ஆகஸ்டில் நிறுத்தினீர்கள். ஆட்டம் தனியாகவும் ஓடும் என்பதால் வட்டு வீணாகவில்லை. எப்போதும் இணையத்தில் இருந்தால்தான் ஓடும் என்று ஒரு பர்ன்அவுட் வந்தால், என்றைக்கோ ஒரு நாள் அதை ஒரு சுவிட்சில் அணைத்துவிடுவீர்கள் என்ற பயத்தோடுதான் வாங்க வேண்டியிருக்கும். 2008 முழுவதும் பைக்குகள் உட்பட எவ்வளவோ விஷயங்களைக் காசு வாங்காமல் சேர்த்துக்கொண்டே போனீர்கள். அந்த நல்ல பெயர் இன்னும் உங்களுக்கு இருக்கிறது. சீசன் பாஸ், தினசரிக் கடை என்று ஆட்டத்துக்குள் காசு கேட்டு அதைச் செலவழித்துவிட வேண்டாம்.

புது ஆட்டத்துக்கு இப்போதைக்கு வாய்ப்பே இல்லை என்றால் ஒன்று மட்டும் கேட்கிறேன். பர்ன்அவுட் 3-ஐ இன்றைய கன்சோல் எதிலும் காசு கொடுத்து வாங்க முடியவில்லை. கணினிக்கு அது வந்ததே இல்லை. அதில் இருந்த 40-க்கும் மேற்பட்ட பாடல்களின் உரிமத்தை மறுபடி வாங்குவது சிரமமாக இருக்கலாம். அப்படியென்றால் பாட்டுகளை எடுத்துவிடுங்கள், எங்கள் பாட்டை நாங்கள் போட்டுக்கொள்கிறோம். புது கிராஃபிக்ஸ்கூட வேண்டாம். திரை அகலத்தைச் சரிசெய்து, நொடிக்கு அறுபது ஃபிரேமைக் கைவிடாமல், அந்த நூறு சந்திப்புகளையும் இருந்தபடியே விற்பனைக்கு வையுங்கள். எத்தனை பேர் வாங்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்ததைச் செய்யலாமா என்ற பேச்சை அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு தொடருங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு பர்ன்அவுட் ரசிகர்