காலையில் ஸ்க்ரூ, மாலையில் வீடு: எல்லோருக்கும் சரிவருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுகெலும்பில் அடுத்தடுத்த எலும்புகளை ஸ்க்ரூ போட்டு ஒன்றாகச் சேர்க்கும் இணைப்பு அறுவையை, சிறு துளை வழியே செய்யும் நுண்துளை முறையில் செய்து அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் மருத்துவமனையில் தங்கியவர்களுக்கும் தங்காதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிக்கல்கள் வந்தன என்பதைக் கட்டுரையாளர் பெரிய ஆதாரமாக வைக்கிறார். பல ஆய்வுகள் அப்படிச் சொல்வது உண்மைதான். ஆனால் அன்றே வீட்டுக்குப் போனவர்கள் யார் என்று பார்க்க வேண்டாமா? பெரும்பாலும் வயது குறைந்தவர்கள், ஒரே இடத்தில் மட்டும் இணைப்பு தேவைப்பட்டவர்கள், இதயக் கோளாறோ அதிகப் பருமனோ இல்லாதவர்கள். அதாவது டாக்டரே பொறுக்கி எடுத்து அனுப்பியவர்கள். மூன்று இடத்தில் ஸ்க்ரூ போட வேண்டிய எழுபது வயதுக்காரர் மருத்துவமனைக் கணக்கில்தான் வருவார். புள்ளியியல் வழியாக இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் பார்க்கிறார்கள். இருந்தாலும் டாக்டர் ஆளை நேரில் பார்த்து எடைபோட்டது எந்தக் கணக்கிலும் முழுதாக ஏறாது.

இன்னொன்று. அந்த நாட்டுப் பதிவுகளில் புறநோயாளி என்று எழுதப்பட்டவர் எல்லாம் அன்றே வீட்டுக்குப் போனவர் இல்லை. ஓர் இரவு கண்காணிப்பில் படுத்திருந்து மறுநாள் காலை போனவரும் பல சமயம் அதே பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்.

நான் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாகவும், அப்புறம் எலும்பு சிகிச்சை வார்டில் இரவுப் பணியிலும் இருந்தவள். நுண்துளை முறையில் தசையை அதிகம் அறுக்காமல் குழாய் வழியே விலக்கிக்கொண்டு போகிறார்கள். ரத்தம் குறைவாகப் போகிறது, கிருமித்தொற்றும் குறைவு, நோயாளி சீக்கிரம் எழுந்து நடக்கிறார். இதெல்லாம் நிஜமான லாபம். ஆனால் உள்ளே நடக்கிற வேலை அதேதான். எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்கைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் கேஜ் என்ற சிறு தாங்கியை வைத்து, எலும்புத் துணுக்கு நிரப்பி, ஸ்க்ரூவும் கம்பியும் மாட்டுகிறார்கள். பக்கத்திலேயே நரம்பு, முன்பக்கம் பெரிய ரத்தக்குழாய்கள்.

எனக்குப் பயம், உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்துவதுதான். அபூர்வம், நூறில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். பெரும்பாலும் தியேட்டரில் தெரியாது. சில மணி நேரம் கழித்து, நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்குக் கால் மரக்கும், பாதத்தைத் தூக்க வராது, உட்காரும் இடத்தில் உணர்வு குறையும், சிறுநீர் நின்றுபோகும். உடனே திரும்பத் திறந்து ரத்தத்தை எடுத்தால் கால் பழையபடி வர நல்ல வாய்ப்பு உண்டு. நேரம் போகப்போக அது குறையும். ராத்திரி முழுக்கக் கட்டைவிரலை அசைக்கச் சொல்லி எழுப்பி, நோயாளிகளிடம் நாங்கள் திட்டு வாங்குவது இதற்காகத்தான். வலி மாத்திரை போட்டு அசந்து தூங்குபவரை எழுப்ப வீட்டில் யாருக்கு மனசு வரும்? சிறுநீர் வராததை மயக்க மருந்தின் விளைவு என்று விட்டுவிடுவார்கள். பல சமயம் அதுவாகவே இருக்கும், சிக்கலே அதுதான். கழுத்து அறுவை என்றால் ரத்தக்கட்டு மூச்சுக்குழாயையே அடைக்கும். தொற்று மட்டும் வேறு விஷயம். அது நாள் கழித்து வருவது, அதற்காக ஓர் இரவு தங்கிப் பயனில்லை.

அமெரிக்காவில் மருத்துவமனையோடு சேராத தனி அறுவை மையங்கள் ஏராளம். பலவற்றில் அறுவை செய்யும் டாக்டர்களே பங்குதாரர்கள். கைசர் ஹெல்த் நியூஸ் என்ற மருத்துவச் செய்தி நிறுவனமும் யுஎஸ்ஏ டுடே நாளிதழும் 2018-ல் வெளியிட்ட புலனாய்வில், இத்தகைய மையங்களில் சிகிச்சை பெற்ற 260-க்கும் மேற்பட்டோர் 2013-க்குப் பிறகு இறந்ததாகக் கண்டார்கள். எல்லா வகை சிகிச்சையும் சேர்ந்த எண் இது. ஆண்டுக்குக் கோடிக்கு மேல் சிகிச்சைகள் நடக்கும் இடத்தில் இது சிறிய எண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறு வருடமே இந்த மையங்களுக்கான அமெரிக்க மத்திய அரசின் விதியைத் தளர்த்தினார்கள். அவசரத்தில் நோயாளியை மாற்ற மருத்துவமனையோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தமோ, அங்கே நோயாளியைச் சேர்க்கும் உரிமையுள்ள டாக்டர்களோ இருக்க வேண்டும் என்பது போய், மையத்தைப் பற்றி அருகிலுள்ள மருத்துவமனைக்கு அவ்வப்போது எழுத்தில் தகவல் கொடுத்தால் போதும் என்றானது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நம் நாட்டில் 24 மணி நேரத்துக்குள் முடியும் டே கேர் சிகிச்சைக்கும் காப்பீடு கிடைக்கிறது, நல்லதுதான். பெரிய மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் டே கேர் பிரிவு என்றால் என் கவலை பாதி போய்விடும். தேவைப்பட்டால் அங்கேயே தங்கிக்கொள்ளலாம். தனி மையம் என்றால் ராத்திரி எம்ஆர்ஐ எடுக்க முடியுமா, தியேட்டர் ஆட்கள் திரும்ப வருவார்களா, ரத்த வங்கி எவ்வளவு தூரம், எந்த நம்பருக்குப் போன் செய்தால் டாக்டர் எடுப்பார் என்று முன்கூட்டியே கேளுங்கள். மதுரைக்கு ராமநாதபுரத்திலிருந்து வந்து அறுவை செய்துகொள்பவர் மாலையே காரில் கிளம்பினால், நள்ளிரவில் கால் மரத்துப்போனால் திரும்பி வரவே இரண்டு மணி நேரம் ஆகும். அவர்களைப் போன்றவர்கள் டிஸ்சார்ஜ் கொடுத்தாலும் அன்று இரவு மதுரையிலேயே, லாட்ஜிலாவது, துணைக்கு ஒருவரோடு தங்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை.