சுவான்சோவிலிருந்து பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் பேசும்போது, "அங்க யாரோடதான்ப்பா பேசுவீங்க, பொழுது எப்படிப் போகுது" என்று கேட்டாய், பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. வாட்ஸ்அப் இங்கே சீனாவில் சாதாரணமாகத் திறக்காது, இந்த ஊர்ச் செயலியான வீசாட்டில் துண்டு துண்டாக அனுப்பினால் எனக்கே திருப்தி இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். குட்டி தூங்கினபிறகு நிதானமாகப் படி.

பேச நிறையப் பேர் இருக்கிறார்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதே. சுவான்சோவில் மருந்துக்கடையோ டயர் கடையோ, எங்கே போனாலும் உள்ளே ஒரு தேநீர்த் தட்டு இருக்கும். தியெகுவான்யின் என்கிற தேயிலை விளையும் அன்ஷி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது, அந்தப் பெருமை எல்லோருக்கும் உண்டு. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, ஒரே மடக்கில் தீர்ந்துபோகும் சின்னக் கிண்ணம், தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், ஊற்றுகிறவருக்கு விரலால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அதுதான் மரியாதை. ஷூ சோல் அச்சு விலை பேசப் போனால் நாலைந்து கிண்ணம் உள்ளே போகாமல் விலையே வாயில் வராது. நம் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிற சிலர் இதை வெட்டிப்பேச்சு என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் பாதி வியாபாரம் முடிகிறது, இந்த ஆளை நம்பலாமா என்று அவர்கள் பார்ப்பதே அந்த நேரத்தில்தான்.

பாஷை பற்றிக் கேட்டாயே. இங்கே இரண்டு பாஷை ஓடுகிறது. எதிர்வீட்டுப் பாட்டி பேசுவது மின்னான், இந்தப் பக்கத்து மொழி, பெய்ஜிங்காரருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. பேரன் பேசுவது பள்ளிக்கூடத்து சீனம், அதைத்தான் பொதுமொழி என்பார்கள். பாட்டி மின்னானில் கேட்கிறாள், அவன் பொதுமொழியில் பதில் சொல்கிறான், இரண்டு பேருக்கும் புரிகிறது, ஆனால் அவனுடைய பிள்ளை காலத்தில் அதுவும் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். 1956இலிருந்து அரசாங்கம் பொதுமொழியைப் பரப்பி வருகிறது, அதனால்தான் சிச்சுவான் மாகாணத்துக்காரரும் இந்த ஊர்க்காரரும் ஒரே தொழிற்சாலையில் நின்று பேசிக்கொள்ள முடிகிறது, அந்த லாபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் பாட்டி கதை சொல்லும்போது பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வலிக்கிறது. குட்டியோடு வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், மாப்பிள்ளையிடமும் சொல்.

சீனம் பேசுவதில் குரலின் ஏற்ற இறக்கம்தான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது கஷ்டம்தான், வாங்குவதற்கும் விற்பதற்கும் ஒரே ஒலி, குரல் போகிற போக்கில்தான் வித்தியாசம். ஆனால் நம் காதுக்கு அதைவிடப் பெரிய தொல்லை, ப, த, க எல்லாவற்றையும் காற்று ஊதி ஒரு மாதிரி, ஊதாமல் ஒரு மாதிரி சொல்வது. நம் எழுத்தில் அது கிடையவே கிடையாது. அதற்கு ஈடாக நமக்கு ஒரு வசதி உண்டு. மனிதனைக் குறிக்கும் சொல்லை பெய்ஜிங்காரர் சொல்லும்போது முதலில் வருகிற ஒலி நம் ழ-வுக்கு ரொம்பப் பக்கம். அந்த ஒலி இங்குள்ள பெரியவர்கள் பலருக்கு வராது, எனக்கு வருகிறது என்று பாட்டிக்கு ஒரே ஆச்சரியம்.

இந்த ஊரில் எனக்கு மனசு ஒட்டியதற்குக் காரணமே வேறு, பாப்பா. இங்கே வீட்டுக்கு வீடு யாராவது மணிலாவுக்கோ பினாங்குக்கோ போனவர்கள் இருக்கிறார்கள், போன தலைமுறையிலோ அதற்கு முந்தியதிலோ. போனவர்கள் வீட்டுக்குப் பணமும் கடிதமும் சேர்த்து அனுப்புவார்கள், அதற்கு சியாவ்பீ என்று பெயர். கப்பலிலிருந்து இறங்கியதும் முதல் வேலை, நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று நாலு வரியும் கூடவே சிறு தொகையும், கடன் வாங்கியாவது. அப்புறம் மாதாமாதம் வருகிற கடிதத்தில், இவ்வளவு அம்மாவுக்கு, இவ்வளவு அத்தைக்கு, இவ்வளவு பள்ளிக்கூடச் செலவுக்கு என்று பிரித்து எழுதியிருக்கும். குவாங்டோங், எங்கள் ஃபூஜியான் இரண்டு மாகாணத்திலும் சேர்த்துக் காப்பாற்றி வைத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்களை 2013இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. ஒரு கண்காட்சியில் சிலவற்றைப் பார்த்தேன், கூட வந்தவர் படித்துப் பொருள் சொன்னார். கொஞ்ச நேரத்துக்கு எனக்குப் பேச்சு வரவில்லை. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வருஷங்களில் நான் அனுப்பியதும் அதே கணக்குத்தானே.

ஜின்ஜியாங்கில் எங்கள் தொழிற்சாலையில் தையல் வரிசையில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் குய்சோ, சிச்சுவான், ஜியாங்ஷி பக்கத்திலிருந்து வந்தவர்கள். பிள்ளைகள் ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். சாப்பாட்டு வேளையில் ஆளுக்கொரு போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதினாயா என்று அதட்டுகிறார்கள். அரசாங்கத்தில் குடும்பப் பதிவு சொந்த ஊரிலேயே இருப்பதால் பிள்ளைகளை இங்கே பள்ளியில் சேர்ப்பது பலருக்குச் சுலபமில்லை. சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு அவர்கள் கிளம்பும்போது பார்க்க வேண்டும், டிக்கெட் கிடைத்த முகமும் கிடைக்காத முகமும் தூரத்திலிருந்தே தெரியும்.

அப்புறம் கல்வெட்டு. உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், குட்டிக்கும் சொல். 1281 சித்திரையில் சம்பந்தப் பெருமாள் என்று ஒருவர் இந்த ஊரில் சிவனை எழுந்தருளச் செய்து, சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசரான கானின் நலத்துக்காக என்று தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். 1956இல் இங்கே கண்டெடுத்தார்கள். கோயில் இப்போது இல்லை. அந்தக் காலத்து வேலைப்பாடுள்ள இரண்டு தூண்கள் மட்டும் கையுவான் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் நிற்கின்றன, நரசிம்மரும் கிருஷ்ணரும் அதில் இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் முன்னால் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் பின்பக்கமாக நடந்து போகிறார்கள். நேரம் கிடைத்தால் நான் அங்கே போய் நிற்பேன்.

சரி, நீங்கள் இங்கே வருகிற விஷயம். மே, ஜூனில் ஒரே மழை, அதற்கப்புறம் புயல் காலம், அக்டோபர் முதல் வாரத்தில் தேசிய தின விடுமுறைக் கூட்டம், வசந்த விழா சமயத்தில் வரவே வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் டிசம்பர் கடைசியில் வாருங்கள், குளிர் தாங்கக்கூடியதுதான், குட்டிக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். சிங்கப்பூர் வழியாக சியாமென் வந்தால் அங்கிருந்து ரயிலில் அரைமணி நேரம்தான், நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். என் வீட்டில் தங்குவதால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிய வேண்டும், பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திரு. மாப்பிள்ளை சைவச் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், கோயில் பக்கத்தில் நல்ல கடை இருக்கிறது. அம்மாவிடம் சொல், பால் பொருள் உள்ளே விடமாட்டார்கள், நெய் வேண்டாம், புளியும் பெருங்காயமும் போதும்.

அன்புடன்,
அப்பா