ஞாயிறு காலை எச்ஐவி பரிசோதனை

வணக்கம். டிசம்பர் 1, ஞாயிறு காலை 10 மணிக்கு நம் சமுதாயக் கூடத்துக்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தின் (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகர் வருகிறார். அரை மணி நேரப் பேச்சு. அப்புறம் விருப்பமுள்ளவர்களுக்கு இலவச எச்ஐவி பரிசோதனை.

நாமக்கல்லில் லாரிச் சம்பந்தம் இல்லாத குடும்பம் குறைவு. அதற்காக எச்ஐவியை ‘டிரைவர் வியாதி’ என்று யாரும் குழுவில் எழுத வேண்டாம். போன வாரம் அப்படிச் சொல்லி வந்த ஃபார்வர்டை நீக்கிவிட்டேன்.

1. 18 வயது நிரம்பிய யாரும் வரலாம். கணவன் மனைவி சேர்ந்து வந்தால் நல்லது.

2. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். வெறும் வயிறு வேண்டாம், இட்லி சாப்பிட்டே வாருங்கள்.

3. முடிவு உங்களிடம் மட்டும் சொல்லப்படும். சம்மதமில்லாமல் பரிசோதிக்க 2017 எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இடம் தரவில்லை.

4. அண்மையில் பாதுகாப்பற்ற உறவு இருந்திருந்தால், தொற்று இல்லை என்று வந்தாலும் 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள். உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனையில் எச்ஐவி தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

5. ஆணுறை இலவசமாகக் கிடைக்கும். வாசலில் வைக்கச் சொன்னார்கள், நான்தான் கழிப்பறைப் பக்கம் மாற்றச் சொன்னேன். கூச்சமில்லாமல் எடுக்கலாமே.

பேச்சுக்கு வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று போடுங்கள், நாற்காலிக் கணக்குக்கு. பரிசோதனை செய்வீர்களா என்பதைக் குழுவில் எழுத வேண்டாம். தனியாகக் கேட்க எய்ட்ஸ் உதவி எண் 1097, கட்டணமில்லை.