சரியான விடைக்குச் சுழியம்: வினாடி வினா மென்பொருள் குறித்த புகார்

அனுப்புநர்:
தமிழாசிரியை,
அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஸ்லைடு பாடங்களில் வினாடி வினா சேர்க்கும் தங்கள் மென்பொருள், தமிழில் தட்டச்சு செய்த சரியான விடைகளைத் தவறு என்று மதிப்பிடுவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பவர்பாயிண்டில் நான் தயாரிக்கும் இலக்கணப் பாடங்களின் நடுவே கேள்விகளைச் சேர்த்து, மாணவர்களுக்கு இணையத்தில் கொடுப்பதற்காகத் தங்கள் மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். பள்ளிப் பணம் இல்லை, என் சம்பளத்திலிருந்து கட்டியது. நான்கு ஸ்லைடு விளக்கம், உடனே ஒரு கேள்வி என்று பாடம் நகரும்போது, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளும் ஆர்வமாக விடை எழுதினார்கள். அந்த ஆர்வத்தைத் தங்கள் மென்பொருளே கெடுத்தது என்பதுதான் என் புகார்.

எட்டாம் வகுப்புக்கு விகாரப் புணர்ச்சி நடத்தினேன். இரு சொற்கள் சேரும்போது புதிய எழுத்து வரும் தோன்றல், எழுத்து மாறும் திரிதல், எழுத்து மறையும் கெடுதல் மூன்றுக்கும் ‘சேர்த்து எழுதுக’ கேள்விகள் வைத்தேன். பூ + கொடி, பொன் + குடம், மரம் + வேர். முடிவுப் பட்டியலைப் பார்த்தால், மரவேர் அனைவருக்கும் சரி. பூங்கொடியும் பொற்குடமும் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் தவறு. பிள்ளைகளுக்குக் கெடுதல் மட்டும்தான் புரிந்திருக்கிறது என்று முடிவு செய்து, தோன்றலையும் திரிதலையும் இரண்டு பாடவேளை மீண்டும் நடத்தினேன். மறுதேர்விலும் அதே முடிவு. ஏற்கெனவே சரியாக எழுதியவர்களை, கவனிக்கவில்லை என்று கடிந்தும் கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

ஒரு மாணவி தன் நோட்டை எடுத்துவந்து நீட்டினாள். “அம்மா, பொற்குடம் என்றுதான் எழுதினேன். வேறு எப்படி எழுத வேண்டும்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவள் தேர்வு எழுதிய ஆய்வகக் கணினியில் நானே உட்கார்ந்து பொற்குடம் என்று தட்டச்சு செய்தேன். எனக்கும் தவறு என்றே வந்தது.

காரணத்தை எங்கள் கணினி ஆசிரியர் கண்டுபிடித்தார். கணினியில் எழுத்துகளைச் சேமிப்பதற்கான பொதுத் தரமான யூனிகோடில் ‘பொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பகரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்றாக வரலாம். அல்லது ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். யூனிகோடு தரமும் இவ்விரண்டையும் சமமானவை என்றே வரையறுத்திருக்கிறது. ஓகார வரிசைக்கும் இதே கதைதான். நான் வீட்டில் தமிழ்99 விசைப்பலகையில் விடைக்குறிப்பைத் தட்டினேன். அது ஒரே குறியாகப் பதிந்தது. பள்ளி ஆய்வகத்தில் இருப்பது பழைய தட்டச்சுப்பொறி முறையிலான மென்பொருள்; அது இரண்டு குறிகளாகப் பதிகிறது. தங்கள் மென்பொருள் எழுத்தை ஒப்பிடாமல் குறியெண்ணை மட்டும் ஒப்பிடுகிறது. மரவேரில் இந்தக் குறி இல்லை, அதனால் அது மட்டும் தப்பித்தது.

தவறு யாருக்கு விழுந்தது என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். வீட்டில் கைபேசி இருந்த பிள்ளைகள் அதில் எழுதித் தேறிவிட்டார்கள். கைபேசி இல்லாமல் பள்ளி ஆய்வகத்தை நம்பியிருந்த பிள்ளைகளுக்குத்தான் சுழியம்.

இதைத் தங்கள் உதவிப் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். முதல் பதில், மாணவர்களை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதச் சொல்லுங்கள் என்பது. பிழையே இல்லை என்று படத்தோடு அனுப்பிய கடிதத்துக்கு வந்த பதில் அது. அடுத்து, மாற்று விடைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பொன்னொளி என்ற ஒரு சொல்லில் ஒகரக் குறி இரண்டு இடத்தில் வருகிறது. அதற்கு மட்டும் நான்கு வடிவம் சேர்க்க வேண்டும். அந்த நான்கும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்போது எதைச் சேர்த்தேன், எதை விட்டேன் என்று நான் எப்படிச் சரிபார்ப்பது? மூன்றாவதாக, கேள்விகளை நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைக்கு மாற்றச் சொன்னார்கள். விடையைக் கண்ணெதிரே வைத்துவிட்டுச் சேர்த்து எழுதச் சொல்வதில் பயன் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. னகரம் றகரமாகத் திரிவதை மாணவர் தாமே எழுதிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்தக் கேள்வியை வைத்தேன்?

இது பெரிய வேலையும் இல்லை. இருவகை எழுத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் 2015ஆம் ஆண்டுத் தரத்திலேயே இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன் விடைக்குறிப்பையும் மாணவர் விடையையும் அதன் வழியாக அனுப்பினால் போதும் என்கிறார் எங்கள் கணினி ஆசிரியர்.

இன்னொரு குறையும் உண்டு. நீண்ட பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் திறந்தால், சில மாணவர்களுக்குப் பாடம் முதல் ஸ்லைடிலிருந்தே தொடங்குகிறது. தங்கள் மென்பொருள் பாடத்தை ஸ்கார்ம் 1.2 என்ற இணையப் பாடத் தரத்தில் வெளியிடுகிறது. விட்ட இடத்தைக் குறித்துவைக்க அந்தத் தரத்தில் உள்ள இடம் 4,096 எழுத்துக்குறிகள்தான். அதற்குள் மாணவர் எழுதிய விடைகளையும் சதவீதக் குறியீடாக, அதாவது ஒவ்வொரு பைட்டையும் % குறியும் அதன்பின் இரண்டு எழுத்துக்குறிகளுமாக மாற்றித் திணிக்கிறீர்கள். அப்படி மாற்றினால் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 இடங்களைப் பிடிக்கிறது. விடைகள் நீளமாகும்போது இடம் நிறைந்து, பதிவு அறுந்துபோகிறது.

தமிழில் பயன்படுத்தலாம் என்று தங்கள் விளம்பரத்தில் இருந்ததை நம்பித்தான் பணம் கட்டினேன். எனவே, விடை ஒப்பிடும் முறையை 30 நாட்களுக்குள் திருத்தித் தர வேண்டும். ஏற்கெனவே பதிவான விடைகளை மறுமதிப்பீடு செய்து, திருத்திய பட்டியலை எனக்கு அனுப்ப வேண்டும். திருத்தம் வரும்வரை, தமிழ் விடைகளில் இந்தக் குறை இருப்பதை மற்ற ஆசிரியர்களுக்கும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இவற்றைச் செய்ய இயலாவிட்டால், முழுச் சந்தாத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இரண்டு தேர்வுகளின் விடைகளையும், தங்கள் உதவிப் பிரிவின் மூன்று பதில்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். மறுமதிப்பீட்டுப் பட்டியலை முதலில் அனுப்புங்கள். அந்த மாணவிக்கு இன்னும் என் பட்டியலில் சுழியம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தமிழாசிரியை